தங்கவயலுக்குத் திரும்பிய பெயர்

ஒரு வணிக நிறுவனம் கடைத்தெருவிலிருந்து மறைந்த பின்னரும் அதன் பெயர் பல ஆண்டுகள் மக்கள் மனத்தில் தங்கியிருப்பதும், அந்த நினைவையே முதலாக வைத்து வேறு சிலர் அப்பெயரை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருவதும் இந்த நூற்றாண்டில் பெருகிவரும் வழக்கம். மின்னணுப் பொருள்களின் விற்பனையில் இது மிகுதி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1921-இல் தோன்றிய ரேடியோ ஷேக் என்னும் கடைத்தொடர் 2015-இலும் 2017-இலும் திவாலாகி, பின்னர் பெயரளவில் கைமாறி இணையக் கடையாக மீண்டது; 2009-இல் கடைசிக் கிளையையும் மூடிய சர்க்யூட் சிட்டியின் பெயரும் அவ்வாறே விலைபோய் மறுபடி விளம்பரங்களில் தலைகாட்டியது. தென்னிந்தியாவில் இவற்றுக்கு மிக நெருங்கிய சான்று, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பி.பி.எல். அந்நிறுவனம் பொருள் உற்பத்தியாளராக இருந்ததோடு, 'பி.பி.எல். கேலரி' என்ற பெயரில் தன் பொருள்களுக்கென்றே தனிக் காட்சியகங்களையும் நகரங்களில் நிறுவியிருந்தது. அந்தக் காலம் முடிந்து நெடுநாள் கழிந்த பிறகு, கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் கூரியர் வண்டி இறக்கிவைக்கும் அட்டைப்பெட்டியின் மேல் அந்த மூன்றெழுத்துகளைக் காணும்போது, ஐம்பது வயதைக் கடந்த தங்கவயல்காரர் எவருக்கும் பெட்டிக்குள் இருக்கும் தட்டையான திரை நினைவுக்கு வருவதில்லை. முன்பக்கம் புடைத்து, பின்பக்கம் நீண்டு, மூலையில் ஒரு முழு மேசையையே பிடித்துக்கொண்ட பழைய பெட்டியும், அதற்குத் தவணை கட்டிய மாதங்களும், அந்தத் தவணையைக் கட்டவைத்த சுரங்கச் சம்பளமுமே நினைவுக்கு வருகின்றன.

இந்தியாவின் பெரும்பாலான ஊர்களுக்கு மின்சாரம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே தங்கவயலுக்கு அது வந்துவிட்டது என்பதைச் சொல்லாமல் அவ்வூரின் ரேடியோவையோ தொலைக்காட்சியையோ பற்றிப் பேச இயலாது. காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக விழும் இடத்தில் மைசூர் அரசு அமைத்த நீர்மின் நிலையத்திலிருந்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுக்கப்பட்டு, 1902-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் தங்கவயலின் சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்கப்பட்டது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்துத்தான். ஆனால் அந்த மின்சாரம் முதலில் வந்தது மனிதருக்காக அன்று, ஆழத்திலிருந்து நீரை இறைக்கவும் தாதுக்கல்லை மேலே தூக்கவும் அரைக்கவும் வேண்டிய எந்திரங்களுக்காக வந்தது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிர்வாகத்தின் அதிகாரிகள் மாளிகைகளிலும் மனமகிழ் மன்றங்களிலும் விளக்கொளியில் அமர்ந்திருந்த காலத்தில், வட ஆற்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மூங்கில் தட்டி வேய்ந்த குடிசைகளில் இருந்தனர். ஆசியாவிலேயே முந்தி மின்சாரம் பெற்ற ஊர்களுள் ஒன்று என்ற பெருமையைத் தங்கவயல் மக்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்; அப்பெருமை வீட்டுக்குள் நுழைய எடுத்துக்கொண்ட காலத்தையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

தொழிலாளர் குடியிருப்புகள் அவ்வூர் வழக்கில் 'லைன்' எனப்படும். ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு, ஓர் அறையும் சிறு சமையலிடமுமாக வரிசையாக நீளும் வீடுகள் அவை. இந்த லைன் வீடுகளுக்குள் நுழைந்த முதல் மின்னணுப் பொருள் ரேடியோ. கண்ணாடிக் குழல்களுக்குள் இழை சூடேறிய பிறகே ஒலி எழும் வால்வு ரேடியோ ஆகையால், குமிழைத் திருகிவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சில நொடிக் காத்திருப்பில் பச்சை விளக்கு மெல்லத் தெளிவதைக் குழந்தைகள் வாய்பிளந்து பார்த்தனர். மர்பி, பிலிப்ஸ், புஷ் ஆகிய ரேடியோப் பெயர்கள் பெரியவர்களின் பேச்சில் உறவினர் பெயர்களைப்போல் புழங்கின. வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 1980-களின் நடுப்பகுதிவரை நடப்பில் இருந்தது. உரிமப் புத்தகத்தைப் பத்திரமாகத் தகரப் பெட்டியில், நகைக்கு அருகில் வைத்துப் பாதுகாத்த வீடுகள் உண்டு. அடகுக்கடைக்கு நகை போய்வந்த நாள்களிலும் அந்தப் புத்தகம் பெட்டியை விட்டு அசையவில்லை.

கடையில் ரேடியோ வாங்குவது அன்று ஒரு குடும்பச் சடங்கு. சம்பளம் வந்த வாரத்தில், அல்லது ஏலச்சீட்டு கைக்கு வந்த வாரத்தில், கணவனும் மனைவியும் பிள்ளைகளோடு சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊர்காம் பகுதிகளிலிருந்து ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்கு வருவார்கள். பொருளை அறிந்த ஒருவரை, பெரும்பாலும் சுரங்கத்தின் மின்பிரிவில் வேலைபார்க்கும் உறவினரை, துணைக்கு அழைத்துவருவார்கள். கடைக்காரர் மூன்று நான்கு பெட்டிகளை வரிசையாக முடுக்கி ஒரே நிலையத்தைப் பிடித்துக் காட்டுவார். எந்தப் பெட்டியில் பாடகர் சீர்காழியின் குரல் கணீரென்று ஒலிக்கிறதோ அந்தப் பெட்டி தேர்வாகும். முன்பணம் கொடுத்து எஞ்சியதை மாதந்தோறும் கட்டும் தவணைமுறைக்குப் பிணையாக அந்நாளில் கடைக்காரர் கேட்டது பெரும்பாலும் ஒன்றே ஒன்று, எந்த மைன்ஸில் வேலை என்ற விவரம். ஆண்டாண்டு காலமாகச் சம்பளம் தவறாத நிர்வாகம் பின்னால் நிற்கும்போது சுரங்கத் தொழிலாளியின் சொல்லே போதுமான பத்திரமாக இருந்தது. வீடு வந்த ரேடியோவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பின்னல் விரிப்பு போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத பலகையில் ஏற்றுவார்கள். ஆழ்சுரங்கத்தில் பாறை திடீரென அழுத்தம் தாளாமல் வெடிக்கும்போது, அவ்வூரார் 'ஏர் பிளாஸ்ட்' என அழைக்கும் அந்த அதிர்ச்சியில் மேலே வீட்டுச் சுவர்களும் குலுங்கும் என்பதால், பலகையின் விளிம்பில் சட்டம் அடித்துவைப்பதும் வழக்கமாயிற்று. அத்தகைய அதிர்ச்சி உணரப்பட்டதும் முதலில் நிறுத்தப்படுவது ரேடியோதான். எந்தச் சாப்ட்டில், எந்த மட்டத்தில், யாருடைய ஷிப்ட் என்ற செய்தி வரும்வரை லைன் முழுவதும் வாய்பேசாமல் வாசலில் நிற்கும்.

மூன்று ஷிப்ட்டுகளாகச் சுரங்கம் ஓடிய ஊரில் பகலும் இரவும் ஒரே பொருளைத் தரவில்லை. எந்த நேரத்திலும் சுவருக்கு அப்பால் யாரேனும் ஒருவர் வேலை முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தார். "அண்ணே, சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சி வையுங்க, அவரு நைட் ஷிப்ட்டு முடிச்சி வந்து படுத்திருக்காரு" என்ற வேண்டுகோள் லைன் வாழ்க்கையின் அன்றாட மொழி. அதைக் கேட்டுக் கோபித்தவர் அரிது, ஏனெனில் மறுவாரம் அதே வேண்டுகோளை அவர் வீட்டிலிருந்து விடுக்க நேரும். லைனில் சாவு விழுந்தால் காரியம் முடியும்வரை எந்த வீட்டிலும் ரேடியோ பாடாது. அதற்கு மாறாக, இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவை திரைப்பாடல்களை ஒலிபரப்பிய மாலைகளில், ரேடியோ உள்ள வீட்டார் கதவைத் திறந்தே வைப்பது எழுதப்படாத கடமையாக இருந்தது. கன்னட நாட்டின் நடுவே, தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து பேசிய ஊரில், கடல் கடந்து கொழும்பிலிருந்து வந்த தமிழ்க் குரல் அம்மக்களுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதைப் பிற ஊர்த் தமிழர்கள் முழுவதும் உணர்வது கடினம். சிலிக்கா தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்ததால் நுரையீரல் இறுகிப்போகும் சிலிகோசிஸ் நோயோடு வீட்டில் முடங்கிய முதிய தொழிலாளர்களுக்கு அந்தக் குரலே நாள் முழுவதற்கும் துணை. நான்கு அடி நடந்தால் மூச்சிரைக்கும் ஒருவர் கட்டிலில் சாய்ந்தபடி, ஒரு விரலால் மட்டும் குமிழைத் திருகி நிலையம் தேடும் காட்சி, அக்காலத் தங்கவயலின் பல வீடுகளுக்குப் பொதுவானது.

அதே ஆண்டுகளில், அந்த லைன்களுக்கு நேர் கீழே வேறொரு வகைக் கேட்டலும் நடந்துகொண்டிருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்து, எப்பொருளையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேடும் கருவிகளை நிறுவின. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த ஆய்வுகளுள் ஒன்றாக 1965-ஆம் ஆண்டு அது வரலாற்றில் இடம்பெற்றது. ஒளிரும் நியான் குழல்களும் ஒளிப்பெருக்கிகளும் கொண்ட அந்த நுட்பமான மின்னணுக் கருவிகள் ஆழத்துக்குப் போனதும் சுரங்கத்தின் கூண்டிலேதான். மேலே அதே கூண்டில் ஏறி இறங்கிய தொழிலாளி தன் முதல் டிரான்சிஸ்டருக்கு மின்கலம் வாங்கச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். மின்னணுவியல் பற்றிய இந்திய வரலாறு பெங்களூரின் தொழிற்சாலைகளிலிருந்து தொடங்கி எழுதப்படுகிறது. தங்கவயலுக்கு அதில் ஒரு பக்கமேனும் ஒதுக்கப்பட வேண்டும்.

தொலைக்காட்சியின் காலம் பெங்களூரு தூர்தர்ஷன் நிலையம் 1981-இல் தொடங்கியதோடும், அடுத்த ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்ததோடும் பிறக்கிறது. சென்னையில் உருவான டயனோரா, சாலிடேர் பெட்டிகளும், ஒனிடாவும், பி.பி.எல்.லும் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்றன. இவற்றுள் பி.பி.எல்.லின் கதை தனித்தன்மை உடையது. டி.பி.ஜி. நம்பியார் 1963-இல் பிரிட்டிஷ் பிசிக்கல் லேபரட்டரீஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பாலக்காட்டில் தொடங்கிய அந்நிறுவனம் முதலில் செய்தது பாதுகாப்புத் துறைக்கான அளவைமானிகளை. வீட்டுப் பொருள்களுக்கு வந்தது பின்னரே. வண்ணத் தொலைக்காட்சிக்கு அது ஜப்பானின் சான்யோ நிறுவனத்தோடு கைகோத்தது. சான்யோவும் ஒசாகாப் பகுதியில் பிறந்த நிறுவனம் என்பதால், தங்கவயலின் ஆழத்துக்கும் அதன் வீடுகளின் மூலைக்கும் ஒரே ஜப்பானிய வட்டாரத்தின் நுட்பம் வந்து சேர்ந்தது எனலாம்.

தொடக்கத்தில் ஒரு லைனுக்கு ஒரு பெட்டி இருந்தாலே அதிகம். ஞாயிறு காலைகளில் இராமாயணத் தொடர் ஒளிபரப்பான 1987, 1988-ஆம் ஆண்டுகளில், பெட்டி உள்ள வீட்டின் கட்டில் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டது. குழந்தைகள் முன்வரிசையில் தரையிலும், பெண்கள் அவர்களுக்குப் பின்னும், ஆண்கள் வாசற்படியிலும் சன்னலிலுமாக நிறைந்தனர். இந்தி புரிந்தவர் ஒருவர் இருந்தால் அவரே அன்றைக்கு அறிஞர். வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை நிலையம் ஒளிபரப்பிய திரைப்பாடல்களைப் பிடித்துவிடும் ஆவலில், சிலர் ஆன்டெனாவை மிக உயரமான கம்பத்தில் ஏற்றி, வலுக்குறைந்த அலையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் கருவியையும் பொருத்தினர்; கூரைமேல் நின்று கம்பத்தைத் திருப்புபவருக்கும் கீழே பெட்டிமுன் நின்று வழிசொல்பவருக்கும் இடையே லைன் முழுக்கக் கேட்கும் உரையாடல் நடந்தது. இரைச்சற் புள்ளிகளுக்கு நடுவே ஒரு முகம் தெரிந்துவிட்டால் அது வெற்றி. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கி, கேபிள் கம்பி வீடுவீடாக இழுக்கப்பட்ட பிறகுதான் தங்கவயல் தமிழருக்குத் தங்கள் மொழியில் தெளிவான படம் கிடைத்தது. கருப்புவெள்ளைப் பெட்டியைக் கொடுத்து வண்ணப்பெட்டி வாங்கும் வேகமும் அதனோடு கூடியது. பி.பி.எல். நாட்டின் வண்ணத் தொலைக்காட்சி விற்பனையில் முன்னணியில் நின்றதும் அந்தப் பத்தாண்டில்தான். நடிகர் அமிதாப் பச்சன் அதன் விளம்பரத்தில் தோன்றினார். பெங்களூருக்கு இரயிலேறிச் சென்று குளிரூட்டிய கேலரியில் பொருளைப் பார்த்து வருவதே இளைஞர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. பார்த்தது அங்கே, வாங்கியது ராபர்ட்சன்பேட்டையில் அறிந்த கடைக்காரரிடம். பெட்டி பழுதானால் சுமந்துசென்று வைக்கவும், சம்பளம் தாமதமானால் முகம் பார்த்துப் பேசவும் ஊரில் ஒரு கடை வேண்டும் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

அந்த அறிவுக்குப் பின்னால் நின்ற சுரங்கம் அப்போதே நலிந்துகொண்டிருந்தது. மைசூர் அரசு 1956-இல் ஏற்றுக்கொண்டு, பின் மத்திய அரசுக்கு மாறி, 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக இயங்கிய அது, தங்கத்தை எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை விஞ்சிய நிலையில் ஆண்டுக்காண்டு ஆள்களைக் குறைத்து, 2001 பிப்ரவரி 28 அன்று நின்றது. எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 3,500 தொழிலாளர்கள். கடைத்தெருவில் அதன் விளைவு உடனே தெரிந்தது: தவணைப் பதிவேட்டின் பக்கங்கள் நிரம்பவில்லை, புதிய பெட்டிகள் கண்ணாடிக்குப் பின்னால் தூசி ஏறி நின்றன, இரண்டாம் கைப் பெட்டிகளை வாங்கி விற்பவர்கள் பெருகினர். ஏறத்தாழ அதே காலத்தில் பி.பி.எல்.லும் சரிந்தது. இறக்குமதித் தடைகள் தளர்ந்து கொரிய நிறுவனங்களான சாம்சங்கும் எல்.ஜி.யும் நாட்டுக்குள் வந்ததும், நம்பியார் குழுமம் தொலைபேசி, மின் உற்பத்தி எனப் பெருமுதல் துறைகளில் கால்வைத்துக் கடனில் சிக்கியதும் அதற்குக் காரணங்கள். சான்யோவோடு தொடங்கிய கூட்டு நிறுவனமும் நிலைக்கவில்லை. பின்னர் சான்யோவே பானாசோனிக்கில் கரைந்தது. ஊரும் பெட்டியும் அடுத்தடுத்து வீழ்ந்ததால், தங்கவயலின் நினைவில் இவ்விரண்டும் ஒரே துயரத்தின் பகுதிகளாக ஒட்டிக்கொண்டன. தமிழ்நாடு அரசு 2006 முதல் தன் மாநிலக் குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாக வழங்கியபோது, குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருந்த உறவினர் வீடுகளுக்குப் பெட்டி வந்தது. மாநில எல்லைக்கு இப்பால், வேலை இழந்த வீடுகளுக்கு வரவில்லை. பொங்கலுக்குச் சென்று அதைப் பார்த்து வந்தவர்களின் மனநிலை எந்தக் கணக்கிலும் பதிவாகாதது.

பி.பி.எல். என்ற பெயர் 2016-இல் மீண்டது. பெங்களூரிலேயே தோன்றிய ஃபிளிப்கார்ட் இணையக் கடையின் வழியே அதன் எல்.இ.டி. தொலைக்காட்சிகள் விற்பனைக்கு வந்தன. பின்னர் ரிலையன்ஸ் ரீட்டெய்ல், பெயரைப் பயன்படுத்தும் உரிமத்தைப் பெற்றுப் பொருள்களை வெளியிட்டது. பெயருரிமம் என்பது, பெயருக்கு உரியவர் பொருளைச் செய்யாமலே, செய்விப்பவரிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு தம் பெயரைப் பொறிக்க இசைவளிக்கும் ஏற்பாடு. பழைய குளிர்பதனப் பெட்டிப் பெயரான கெல்வினேட்டரையும் அதே வணிகக் குழுமம் முதலில் உரிமத்தில் பெற்று, 2025-இல் விலைக்கே வாங்கிக்கொண்டது. நம்பியார் 2024 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் மறைந்தபோது, அவர் நட்ட பெயர் மறுபடி கடைகளில் இருந்தது.

இந்த மறுவருகையைக் குறைசொல்ல இடமில்லை. பெயரில் மக்கள் வைத்திருந்த நம்பிக்கை உண்மையானது. அதை உண்டாக்கியவர்கள் பாலக்காட்டிலும் பெங்களூரிலும் உழைத்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். ஆயினும், தங்கவயலைப் பொறுத்தவரை, அந்த நம்பிக்கையின் பாதி கடைத்தெருவில் விளைந்தது. பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, படக்குழாய்க்கு உயரழுத்த மின்சாரம் தரும் சுருளில் பழுதா, மின்தேக்கியில் பழுதா என்று மணத்தாலேயே சொல்லிவிடும் பழுதுபார்ப்பவர்கள் அந்நாளில் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இருந்தனர். அவர்களுள் பலர் சுரங்கத்தின் மின்பட்டறையில் கைபழகியவர்கள். கரி எரிந்தால் ஒரு மணம், காரீய ஒட்டு உருகினால் ஒரு மணம், மின்தேக்கி வெடித்தால் வேறொரு மணம். பழுது தீர்ந்ததும் கூலியோடு ஒரு குவளைத் தேநீரும் உண்டு. கூலி இல்லாத மாதத்தில் தேநீர் மட்டும் உண்டு. இன்றைய தட்டைத்திரையில் பலகை பழுதானால் முழுப் பலகையையே மாற்ற வேண்டும். பலகை கிடைக்கவில்லையென்றால் பெட்டியே குப்பை.

தங்கவயல் என்ற பெயருக்கும் இதே போன்ற மறுவருகை நேர்ந்தது. 2018-இலும் 2022-இலும் வெளிவந்த கன்னடத் திரைப்படங்கள் கே.ஜி.எஃப். என்ற எழுத்துகளை நாடெங்கும் கொண்டுசென்றன. சயனைடு மேடு என்று ஊரார் அழைக்கும், தாதுக்கழிவு குவிந்த சாம்பல் நிறக் குன்றுகளின்முன் நின்று படமெடுத்துக்கொள்ள வெளியூர் இளைஞர்கள் வரத் தொடங்கினர். அக்குன்றுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் அளித்ததும், கடைத்தெருவில் பழைய பேச்சு மறுபடி எழுந்தது. எத்தனை பேருக்கு வேலை, எந்த ஊர் ஆள்களுக்கு, எத்தகைய சம்பளம் என்பவை அப்பேச்சின் கேள்விகள், அவை நியாயமானவை. இப்போதோ, மாரிக்குப்பத்திலிருந்து விடியும் முன் புறப்படும் இரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குக் கூலிக்கும் காவல் பணிக்கும் அலுவலகங்களுக்கும் சென்று இரவில் திரும்புகிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டி வந்துசேரும் பகற்பொழுதில் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களே; கையொப்பமிட்டு வாங்குவதும் அவர்களே, பெட்டி பழுதாகும்போது தொலைபேசியில் எண்களை அழுத்தி அழுத்தி யாரோ ஒருவரின் குரலுக்குக் காத்திருப்பதும் அவர்களே.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில், பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனி இணையதளம் ஒன்றைத் தொடங்கி, உதிரிப் பாகங்கள், சேவை மையங்கள் பற்றிய விவரங்களைப் பொதுவில் வைக்குமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. பழைய பெயர்களை உரிமத்தில் விற்கும் பெருவணிகர்கள் அதற்கும் ஒரு படி மேலே போகலாம். பெயரின் மதிப்பை இத்தகைய ஊர்களிலிருந்து பெற்றுக்கொண்டவர்கள், ராபர்ட்சன்பேட்டையில் உதிரிப் பலகைகள் வைத்த ஒரு சேவைக் கடையைத் திறந்து, இன்னும் கை நடுங்காத பழைய பழுதுபார்ப்பவர்களிடம் ஊரின் இளைஞர்கள் சிலரைப் பயிற்சிக்கு விட்டால், மாலை இரயிலில் வந்திறங்குபவர் வீடு போகும் வழியில் அங்கே நின்று தம் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டறிய முடியும்.